மந்திரி முற்றத்தில் அக்கா உட்கார்ந்தாள்

ஒரு இடத்தில் ஒரு மழைக்காலத்துக்கு மேல் என் கால் தங்காது. லிந்துலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன், இறம்பொடையில் ரோட்டு வேலைக்குக் கல் உடைத்தேன், நோர்வூட்டில் மரக்கறி லொறிக்குக் கிளீனராக இருந்தேன். பள்ளிக்கூடமும் அப்படித்தான். ஐந்தாம் வகுப்புப் பாதியில் வாத்தியார் விடுமுறைக்கு யாழ்ப்பாணம் போனார், நானும் ஊர் சுற்றப் போனேன். அவர் திரும்பி வந்தார்.

ஐம்பதுகளின் நடுவில் ஒரு சித்திரை வருஷப் பிறப்புக்கு நான் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தபோது அக்காவுக்கு வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது. லயத்து வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்தும் முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"வந்துட்டியா? இந்தத் தடவை எத்தனை நாளைக்கு?"

மூட்டையை வாசலில் இறக்கினேன். அவள் பதிலை எதிர்பார்க்கவில்லை.

எங்கள் தோட்டம் அட்டனுக்குக் கீழே, தேயிலை முடிந்து சிங்களக் கிராமங்கள் தொடங்கும் ஓரத்தில் இருந்தது. அந்தக் கிராமங்களை நாங்கள் 'நாடு' என்போம். நாங்கள் இருந்தது என்ன என்று யாரும் கேட்டதில்லை. தோட்டத்துக்கு நடுவே ஒரு ஆறு. தேயிலை அரைக்கும் ஸ்டோர், டிஸ்பென்சரி, துரை பங்களா, கார் ரோடு எல்லாம் ஒரு கரையில். எங்கள் லயங்கள், அதாவது வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள், மறு கரையில். நாங்கள் பறித்த கொழுந்து சாக்கில் கட்டப்பட்டு, ஆற்றுக்கு மேலே இழுத்துக் கட்டிய கம்பியில் தொங்கியபடி சர்ரென்று ஸ்டோருக்குப் போய்விடும். நாங்கள் போக ஒரு மரம் கிடந்தது. ஒற்றை மரம், கைப்பிடிக்கு ஒரு மூங்கில். வெயில் காலத்தில் அதில் ஆடு கூட நடக்கும். மழைக்காலத்தில் ஆறு மரத்துக்கு மேலே ஓடும்.

போன வருஷம் ஆடி மாசம் அக்காவுக்கு முதல் பிள்ளை. வலி எடுத்து, சிக்கல் என்று தெரிந்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்திருக்கிறார்கள். மரம் தண்ணீருக்கடியில் இருந்தது. ஆறு இறங்கட்டும் என்று கரையில் வைத்துக் காத்திருந்தார்கள். ஆறு இறங்கவில்லை. பிள்ளை கரையிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. நான் அப்போது லிந்துலையில் பாண் சுட்டுக்கொண்டிருந்தேன். செய்தி வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது வயிற்றிலிருந்த பிள்ளைக்கும் ஆடியில்தான் மாதம். அக்கா வேறு எதைப் பற்றியும் பேசுவதில்லை. அவள் புருஷன், என் மச்சான், தண்ணீர் கொண்டு வந்தால் ஆறு எப்படி இருக்கிறது என்று கேட்பாள். நான் விறகு கொண்டு வந்தால் மரம் எப்படி இருக்கிறது என்று கேட்பாள்.

"பேசாம என்னையும் கொழுந்துச் சாக்குல போட்டுக் கட்டி கம்பியில விட்டுருங்க. கொழுந்துன்னா அந்தக் கரையில ஆள் நின்னு எறக்குவாங்க" என்றாள் ஒருநாள். மச்சான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பாலம் வேண்டும் என்று துரையிடம் கேட்காமல் இல்லை. ஆறும் அதன் கரையும் கவர்மெண்டுக்குச் சொந்தம், அதில் தோட்டம் கை வைக்க முடியாது என்றார். கவர்மெண்டுக் கந்தோரில் கேட்டால், தோட்டத்து ஆட்கள் நடக்கும் பாதைக்குத் தோட்டம்தான் பாலம் போட வேண்டும் என்றார்கள். இரண்டு பேரும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

மிச்சமிருந்தது மந்திரி. பாராளுமன்றத்துக்குத் தேர்தலில் வென்று போகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் பக்கத்தில் மந்திரிதான். சிங்களவர்கள் அப்படிச் சொல்வார்கள், நாங்களும் பிடித்துக்கொண்டோம். எந்தத் தொகுதி மந்திரி என்று நான் எழுதப்போவதில்லை. நல்ல மனிதர், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மந்திரி கொழும்பில் இருக்கும்போது அவரைப் பார்ப்பது நடக்கிற காரியமில்லை. ஆனால் சித்திரையில் பாராளுமன்றத்தை மூடிவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். அப்போது எங்கள் மந்திரி காலையில் இடுப்பில் சாரத்தோடு தன் வீட்டு விறாந்தையில் உட்கார்ந்துவிடுவார். யார் வேண்டுமானாலும் போகலாம். நாட்டு ஆட்கள் வெற்றிலைக் கட்டோடும், வாழைக்குலையோடும், பூசணிக்காயோடும் வரிசையாகப் போவார்கள். ஒருவருக்கு மகனுக்கு வேலை, ஒருவருக்குக் காணிச் சண்டை, ஒருவருக்குச் சும்மா மந்திரியைப் பார்த்தேன் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். விடுமுறை முடிந்து அவர் கொழும்புக்குத் திரும்பும்போது வீடு நிறையப் பூசணிக்காய் இருக்கும் என்று சொல்வார்கள்.

எங்களுக்கு என்ன இடைஞ்சல் என்றால், நாங்கள் அவரைத் தேர்ந்தெடுத்தவர்கள் இல்லை. எங்கள் அப்பா ஒரே ஒரு தடவை வாக்குப் போட்டார். அதன் பிறகு சட்டம் மாறி நாங்கள் இந்த நாட்டுக்காரர்கள் இல்லை என்று ஆகிவிட்டதால் அடுத்த தடவை அவரைக் கூப்பிடவில்லை. எங்கள் தோட்டத்தில் வாக்கு உள்ளவர்கள் என்றால் டிஸ்பென்சரி டாக்டரையாவும் ஸ்டோரைக் கவனிக்கும் பெரியையாவும்தான். இரண்டு பேரும் மந்திரியின் கட்சிக்குப் போடாதவர்கள்.

"ஓட்டு இல்லாதவன மந்திரி எதுக்குப் பாக்கணும்?" என்றார் மச்சான்.

"உங்கள யாரு பாக்கச் சொன்னா? என் வயித்தப் பாக்கட்டும்" என்றாள் அக்கா.

அப்படித்தான் போவது என்று முடிவானது. அக்கா போனால் அவளோடு கொழுந்து எடுக்கும் பெண்கள் வருவார்கள். பெண்கள் போனால் ஆண்கள் வராமல் இருக்க முடியாது. பேசுவதற்குக் கங்காணி வருவதாகச் சொன்னார். கங்காணி என்றால் வேலைக்காட்டில் எங்களை மேய்ப்பவர், எங்களுக்கும் துரைக்கும் நடுவில் நின்று பேசுபவர். தலைப்பாகை, கோட்டு, வாய் நிறைய வெற்றிலை. சிங்களமும் ஓரளவு தெரியும். ஒரு வாரமாகத் தேயிலைச் செடிகளுக்கு முன்னால் நின்று பேசிப் பழகிக்கொண்டிருந்தார். செடிகள் மறுத்துப் பேசவில்லை என்று சந்தோஷமாக இருந்தார்.

அதோடு வாக்குள்ள ஒரு ஆளும் கூட வந்தால் நல்லது என்று எனக்குப் பட்டது. பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவது போல நானும் மச்சானும் நாட்டுப் பக்கம் தேடிப் போனோம். ரோட்டுக் கரையில், ஆற்றில் கீழே கொஞ்ச தூரம் போனால், மூன்று வீடுகள் இருந்தன. அதில் ஒரு வீட்டுக்காரர் எங்களுக்குப் பழக்கம். எங்கள் கரையில் அவருக்கு மிளகுக் கொடியும் பாக்கு மரமும் உள்ள ஒரு சின்னத் துண்டுக் காணி இருந்ததால் அவரும் அந்த மரத்தில்தான் நடப்பார். விஷயத்தைச் சொன்னதும் நெஞ்சில் கை வைத்தார். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகி அவருக்கு ஒரு தமிழ் வந்திருந்தது.

"நம்ம சொன்னா மந்திரி கேக்கும். நம்ம வீட்டுல மூணு ஓட்டு இருக்குதானே. நீங்க ஒண்ணும் பேசறது வேணாம்."

அன்றிலிருந்து அவருக்கு எங்கள் லயத்தில் வாக்குக்காரர் என்றே பெயர்.

எனக்குத் தெரிந்த மரக்கறி லொறி ஒன்று, எங்கள் பேச்சில் கோவா என்கிற முட்டைக்கோசு ஏற்றப் போகும் வழியில் எங்களை மந்திரி வீட்டுச் சந்தியில் இறக்கிவிடுவதாக ஏற்பாடு. வாக்குக்காரர் வெள்ளைச் சட்டையோடு முன் சீட்டில் ஏறிக்கொண்டார். கங்காணியும் முன் சீட்டைத்தான் நினைத்து வந்திருந்தார். பின்னால் எங்களோடு நின்றுகொண்டு வந்தார், வழியெல்லாம் தலைப்பாகையைக் கையால் பிடித்தபடி. அக்காவுக்கு வெற்றுச் சாக்குகளை அடுக்கி ஆசனம் போட்டுக் கொடுத்தோம். அவள் மடியில் ஒரு எலுமிச்சம்பழம். பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது கையில் கொடுக்க எங்களுக்கு அது ஒன்றுதான் தெரியும்.

மந்திரி வீட்டு முற்றம் பெரிது. மணல் கொட்டிப் பெருக்கியிருந்தார்கள். விறாந்தையில் மந்திரி சாரத்தோடு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்து நாற்காலியில், காலை நீட்டிக்கொண்டு, சிகரெட்டோடு உட்கார்ந்திருந்தவர் எங்கள் துரை.

புது வருஷத்துக்கு மந்திரியைப் பார்த்துவிட்டுப் போக வெள்ளைக்காரத் துரைமாரும் வருவார்கள் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. காலையில் வேலைக்குப் பிரிக்கும் இடத்தில் ஆட்கள் வரிசையாக நிற்பதைப் பெரட்டு என்போம். பெரட்டில் துரை வந்தால் தலையிலிருக்கும் கம்பளியை இறக்க வேண்டும், கையைக் கட்ட வேண்டும், வாயைத் திறக்கக்கூடாது. துரை கங்காணியைக் கேட்பார், கங்காணி சொல்வார். துரை கேட்காவிட்டால் கங்காணியும் சொல்லமாட்டார். பிறந்ததிலிருந்து இதைப் பார்த்த கால்கள். துரையைக் கண்டதும் அந்த முற்றத்தில் தாமாகவே வரிசையில் நின்றன. பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். கம்பளிகள் இறங்கின. நான் நாலு ஊர் சுற்றியவன், எனக்கு இதெல்லாம் கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குனிந்து பார்த்தால் என் கையும் கட்டித்தான் இருந்தது.

கங்காணி வாயில் இருந்த வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

வாக்குக்காரருக்கு மட்டும் எந்தப் பெரட்டும் தெரியாது. அவர் வெற்றிலைக் கட்டோடு நேராக விறாந்தைக்கு ஏறி, மந்திரியை வணங்கி, சிங்களத்தில் பேச ஆரம்பித்தார். லொறியில் திரிந்ததில் எனக்குச் சிங்களம் நன்றாகவே தெரியும். முதலில் காட்டுப்பன்றிகள் வந்தன. பிறகு அவருடைய மரவள்ளித் தோட்டம் வந்தது. பன்றிகள் தோட்டத்தைத் தோண்டியது வந்தது. இனிப் பாலம் வரும் என்று பார்த்தேன். துவக்கு வந்தது. பன்றியைச் சுட ஒரு துவக்கு வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும் என்று அழாத குறையாகக் கேட்டார். மந்திரி பார்ப்போம் என்றார். வாக்குக்காரர் வணங்கிவிட்டு, முகமெல்லாம் வெளிச்சமாக இறங்கி வந்தார்.

"மாத்தயா, எங்க பாலம்?" என்று உதட்டை அசைக்காமல் கேட்டேன். மாத்தயா என்றால் சிங்களத்தில் ஐயா.

"சும்மா இரு தம்பி. முதல்ல சின்ன வேலை கேக்கறது. ரெண்டு வேலை ஒண்ணா கேட்டா மந்திரிக்குக் கோவம் வரும்."

பெரிய வேலையை எப்போது கேட்பது என்று அவர் சொல்லவில்லை. எங்களுக்குப் பின்னால் பூவரச மர நிழலில் போய் நின்றுகொண்டார்.

நாங்கள் நின்றோம். துரை எங்களைக் கண்டும் காணாதது போலத் மந்திரி வீட்டு ரோஜாக்களைப் பார்த்தார். துரையின் ஆட்கள், துரைக்கு ஏதோ சொல்ல வந்திருக்கிறார்கள் என்று மந்திரி துரையைப் பார்த்தார். தன்னுடைய ஆட்களை மந்திரி எதற்காகவோ வரவழைத்திருக்கிறார் என்று துரை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது, அவர் முகம் மெல்லச் சிவந்து வந்தது. மந்திரி எங்களிடம் என்ன வேண்டும் என்று சிங்களத்தில் ஒரு தடவை கேட்டார். துரை முன்னால் துரை கேட்காமல் எப்படிப் பதில் சொல்வது? கங்காணி தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான் வந்தது.

வெயில் ஏறியது. அக்கா ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றாள். பிறகு இடுப்பில் கை வைத்தாள். பிறகு, யாரையும் கேட்காமல், மணலில் உட்கார்ந்துவிட்டாள்.

வயிற்றுப்பிள்ளைக்காரி தனியாகக் கீழே உட்கார்ந்திருக்க மற்றப் பெண்கள் நின்றுகொண்டிருப்பதா? பக்கத்தில் நின்றவள் உட்கார்ந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்றவளும் உட்கார்ந்தாள். முன் வரிசை முழுவதும் உட்கார்ந்ததும், பின்னால் நின்ற நாங்கள் பெண்களின் தலைக்கு மேலாகத் துரையை முறைத்துப் பார்ப்பது போல ஆகிவிட்டது. அதற்குப் பயந்து நாங்களும் உட்கார்ந்தோம். கடைசியில் கங்காணி மட்டும் நின்றார். துரை முன்னால் வாழ்க்கையில் உட்காராத மனிதர். நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் பாதியில் குந்திக்கொண்டார்.

மந்திரி நாற்காலியிலிருந்து எழுந்தது அப்போதுதான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. அதற்குச் சில வருஷங்களுக்கு முன்னால் பறிபோன வாக்குக்காகக் கொழும்பில் எங்கள் ஆட்கள் போய் வாய் பேசாமல் வரிசையாக உட்கார்ந்து சத்தியாக்கிரகம் செய்தார்கள். பத்திரிகைகளில் படமெல்லாம் வந்தது. பாராளுமன்றத்தில் இருந்தவர்கள் அந்தப் படத்தை மறக்கவில்லை. தோட்டத்துத் தமிழர்கள் வரிசையாக, பேசாமல், தரையில் உட்கார்ந்தால் அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் அவர்களுக்குத் தெரியும்.

மந்திரி உள்ளே திரும்பி ஏதோ சொன்னார். வீட்டுக்குள்ளிருந்து தட்டில் தேத்தண்ணி வந்தது, கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டியோடு. எல்லோருக்கும் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள். மரியாதையான வீடு. ஆனால் துரை பார்த்துக்கொண்டிருக்கும்போது எங்களில் யார் தேத்தண்ணி குடிப்பது? ஒருவரும் கை நீட்டவில்லை. தேத்தண்ணி ஆவி விட்டு ஆறியது.

"உண்ணாவிரதமும் இருக்கிறார்கள்" என்று மந்திரி துரையிடம் இங்கிலீஷில் சொன்னது என் அரைகுறை இங்கிலீஷுக்கே விளங்கியது. மறுநாள் கட்சிப் பெரியவர் ஒருவர் கொழும்பிலிருந்து அங்கே சாப்பாட்டுக்கு வருகிறாராம். பின்னாலேயே பத்திரிகைக்காரர்களும் வருவார்களாம். முற்றத்தில் இப்படி ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கேட்டார். துரை, இவர்கள் தன் ஆட்கள்தான், ஆனால் தான் அனுப்பவில்லை, இன்று லீவு நாள் என்றார். அவருடைய கம்பெனிக்கும் பத்திரிகை பிடிக்காது போலிருக்கிறது. சிகரெட்டை அணைத்துவிட்டு நேராக உட்கார்ந்தார்.

மந்திரி மர நிழலில் நின்ற வாக்குக்காரரைக் கையசைத்துக் கூப்பிட்டார். இவர்களுக்கு என்னதான் வேண்டும் என்று கேட்டார்.

வாக்குக்காரருக்கு வேறு வழியில்லை. பெரிய வேலையைச் சொன்னார். பாலம் வேண்டுமாம்.

"அவ்வளவுதானா?" என்று மந்திரி கேட்டார். அந்தக் குரலில் இருந்த நிம்மதியை எங்களில் சிங்களம் தெரியாதவர்களும் தெரிந்துகொண்டார்கள்.

இத்தனை வருஷமாக நீ போடு நீ போடு என்று இருந்தவர்கள், ஒரு சிகரெட் முடியும் நேரத்துக்குள் பேசி முடித்துவிட்டார்கள். ஸ்டோரில் கழற்றிப் போட்டிருக்கும் பழைய இரும்புத் தண்டவாளங்களைத் துரை கொடுப்பார். பலகையும் ஆளும் கிராமச் சபை கொடுக்கும். மழைக்கு முன் போட்டுவிட வேண்டும். எந்த இடத்தில் என்று மந்திரி கேட்டார்.

வாக்குக்காரர் ஒரு நொடியும் யோசிக்கவில்லை.

"நம்ம வீட்டு முன்னால" என்று சிங்களத்தில் சொன்னார்.

நான் எழுந்துவிட்டேன். பழைய மரம் இருந்த இடம் லயத்துக்கு நேர் கீழே. இவர் வீட்டு முன்னால் என்றால் எங்களுக்கு அரை மைல் சுற்று. நான் வாயைத் திறக்கும் முன் அக்கா என் சாரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

"விடுடா. அங்கயும் இதே ஆறுதான் ஓடுது" என்றாள்.

துரை எங்களைப் பார்த்துத் தோட்டத் தமிழில் சரி, போகலாம் என்றார். துரையே பேசிவிட்டதால் கங்காணிக்குக் குரல் திரும்பி வந்தது. ஒரு வாரம் பழகிய பேச்சை ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். அதற்குள் துரை காரில் ஏறிவிட்டார். மந்திரி நின்று கடைசி வரை கேட்டார் என்பதையும் சொல்ல வேண்டும்.

கார் கேட்டைத் தாண்டியதும் அக்கா ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்துக் குடித்தாள். எலுமிச்சம்பழத்தை மந்திரி கையில் கொடுத்தாள். தேத்தண்ணி நல்ல கொழுந்து, ஆனால் சாயம் பத்தவில்லை என்று என்னிடம் சொன்னாள். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

திரும்பும் லொறியில் நாங்கள் செய்தது என்ன என்று எல்லோருக்கும் விளக்கினேன்.

"சத்தியாக்கிரகமா? நாமளா?" என்று மச்சான் வாயைப் பிளந்தார். கங்காணி, தனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்றார்.

"எனக்கு இடுப்பு வலி" என்றாள் அக்கா.

பாலம் வந்தது. வைகாசியில் வேலை தொடங்கி, ஆனி முடியும் முன் பலகை அடித்தார்கள். ஆள் பற்றாமல் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நான் தண்டவாளம் சுமந்தேன், ஆணி அடித்தேன். அக்கா தினமும் இறங்கி வந்து மறு கரையில் நின்று எத்தனை பலகை ஆயிற்று என்று பார்த்துவிட்டுப் போவாள். இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த பாலம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒதுங்கத் தேவையில்லை. திறப்பு விழா என்று எதுவும் இல்லை. வாக்குக்காரர் மட்டும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதலில் நடந்தார். தான் ஒரு வார்த்தை சொன்னேன், மந்திரி போட்டுவிட்டார் என்று நாட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். பொய் என்றும் சொல்ல முடியாது.

அவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. பாலத்தின் ஒரு முனை அவர் வீட்டு முற்றத்தில் வந்து இறங்கியது. இரண்டு லயத்து ஜனங்களும் அன்றிலிருந்து அவருடைய முற்றத்தின் வழியாகத்தான் ரோட்டுக்குப் போனார்கள். காலையில் பிள்ளைகள், மதியம் சாமான் வாங்கப் போகிறவர்கள், சாயந்தரம் குடித்து வெறியேறிப் பாடிக்கொண்டு வருகிறவர்கள். சாவு விழுந்தால் தப்பு அடித்துக்கொண்டு போனார்கள். எங்கள் ஆடுகள் அவர் வீட்டு வெற்றிலைக் கொடியின் ருசியைக் கண்டுகொண்டன. அவர் ஒரு படலை கட்டினார். எல்லோரும் மரியாதையாகத் திறந்து, திரும்பச் சாத்தாமல் போனார்கள். அவருடைய நாய் முதல் வாரம் குரைத்தது. அப்புறம் அதற்கும் அலுத்துவிட்டது.

"பன்றிக்கு லைசென்ஸ் கேட்டுது தம்பி. பன்றி ராவுல மட்டும்தான் வருது. நீங்க பகல்லயும் வாறது" என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

ஆடியில் மழை பிடித்தது. பழைய மரத்தை ஆறு ஒரே நாளில் எடுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு மத்தியானம் கொழுந்து நிறுக்கும் இடத்திலிருந்து ஆள் ஓடி வந்தது. அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது. கம்பளியைக் கம்பில் கட்டி, நானும் மச்சானும் இரண்டு பக்கம் தோள் கொடுத்தோம். பெண்கள் மேலே இரட்டை ஏந்திக்கொண்டு வந்தார்கள். இரட்டு என்பது கொழுந்துச் சாக்குத் துணி, மழை இறங்காது.

பாலத்துக்கு வந்தோம். கீழே ஆறு செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு, ஒரு பெரிய சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பலகைக்கும் தண்ணீருக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. மச்சானின் கால் நின்றுவிட்டது. போன வருஷம் நின்ற கால் அது. கம்பளிக்குள்ளிருந்து அக்கா கேட்டாள்.

"ஏன் நிக்கிறீங்க? பலகை இருக்கா இல்லையா?"

"இருக்கு" என்றார் மச்சான்.

"அப்ப நடங்க."

நடந்தோம். மறு கரையில் இறங்கி, படலையைத் தாண்டி, வாக்குக்காரரின் முற்றத்துக்குள் வந்ததும், இனி ரோடு வரை போக முடியாது என்று அக்கா சொல்லிவிட்டாள். நாங்கள் மழையில் திகைத்து நின்றோம். வாக்குக்காரரின் சம்சாரம் வெளியே வந்து ஒரு பார்வை பார்த்தார். ஆறு பிள்ளை பெற்றவர். எங்களைத் திட்டினாரா கூப்பிட்டாரா என்று தெரியவில்லை. அடுத்த நிமிஷம் அக்கா அவர்களுடைய உள் அறையில் இருந்தாள், நாங்கள் எல்லோரும் வெளியே இருந்தோம், கதவு சாத்தியிருந்தது.

டாக்டரையாவைக் கூட்டி வர நான் ஓடினேன். ஆற்றைத் தாண்டிவிட்டதால் டிஸ்பென்சரி எட்டும் தூரம்தான். நாங்கள் இரண்டு பேரும் நனைந்துகொண்டு படலைக்கு வந்தபோது உள்ளே ஒரு சத்தம் கேட்டது. அந்த ஆற்றுச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி அழுதது, அவ்வளவு கோபமான பிள்ளை. பெண் பிள்ளை. டாக்டரையா கை கழுவிக்கொண்டு உள்ளே போய், தாயும் பிள்ளையும் சுகம் என்று பார்த்துச் சொன்னார். மச்சான் முற்றத்துச் சேற்றில் அப்படியே குந்திவிட்டார்.

வாக்குக்காரர் தாழ்வாரத்தில் சுவரோரமாக நின்றார். தன் வீட்டுக்குள் தனக்கே இடமில்லை.

"நம்ம மந்திரிகிட்ட துவக்கு கேட்டுது. மந்திரி நம்ம வீட்டுக்குப் புள்ள அனுப்பிட்டது" என்றார். பிறகு உள்ளே எட்டிப் பார்க்க முயன்று, சம்சாரத்திடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அடுத்த சித்திரைக்கும் நான் தோட்டத்தில்தான் இருந்தேன். எனக்கே ஆச்சரியம். பாராளுமன்றம் மூடி மந்திரி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டதும் அக்கா பிள்ளையைக் குளிப்பாட்டி, நெற்றியில் பெரிய கறுப்புப் பொட்டு வைத்தாள். பிள்ளையை மந்திரிக்குக் காட்ட வேண்டுமாம். இந்தத் தடவை கூட்டமில்லை. அக்கா, மச்சான், நான். படலையைத் திறந்துகொண்டு முற்றத்தில் போகும்போது, எங்கே போகிறோம் என்று தெரிந்ததும், வாக்குக்காரரும் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். லொறியில் முன் சீட்டு அக்காவுக்கும் பிள்ளைக்கும். அவர் பின்னால் எங்களோடு நின்றார்.

கேட்டில் எங்களைக் கண்டதும் மந்திரி விறாந்தையிலிருந்து எழுந்துவிட்டார். ஞாபகம் வைத்திருந்தார். வேலைக்காரனைக் கூப்பிட்டு அவசரமாக ஏதோ சொன்னார். நாங்கள் முற்றத்தின் பாதிக்கு வருவதற்குள் வீட்டுக்குள்ளிருந்து நாற்காலிகள் வந்தன. பின்னல் போட்ட, முதுகு சாய்க்கிற நாற்காலிகள். மணலில் வரிசையாகப் போட்டார்கள்.

தரையில் மட்டும் உட்கார வேண்டாம் என்று மந்திரி என்னிடம் சிங்களத்தில் சொன்னார். கெஞ்சினார் என்றே சொல்லலாம்.

எங்களில் யாரும் அப்படி ஒரு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. மச்சான் நுனியில் உட்கார்ந்தார். அக்கா நன்றாகச் சாய்ந்து, கால்மேல் கால் போடாத குறையாக உட்கார்ந்து, பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்தாள். தேத்தண்ணி வந்தது. எடுத்துக் குடித்தோம். இந்தத் தடவை சாயம் சரியாக இருந்தது.

பாலம் எப்படி இருக்கிறது என்று மந்திரி கேட்டார். நான் சொன்னேன். பிள்ளையின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, கொஞ்சம் பயத்தோடு, இப்போது என்ன வேண்டும் என்று கேட்டார்.

எங்களுக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. வேண்டியது எவ்வளவோ இருந்தது, மந்திரியிடம் கேட்டு ஆகாதவை அவை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா திரும்பி, பின்னால் வெற்றிலைக் கட்டோடு தயங்கி நின்ற வாக்குக்காரரைப் பார்த்தாள்.

"தம்பி, அந்த மாத்தயாவோட மரவள்ளிய இன்னும் பன்னி தோண்டுதாம். அவருக்கு அந்தத் துவக்குக் காயிதத்தக் குடுக்கச் சொல்லு" என்றாள்.

நான் சிங்களத்தில் சொன்னேன். மந்திரி வாக்குக்காரரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார். சிரித்துவிட்டார். கட்டாயம் என்றார்.

துவக்கு வந்தது. அதை அவர் சுவரில் மாட்டி வைத்திருந்தார். அவர் ஒரு பன்றியையும் சுட்டதாக நான் கேள்விப்படவில்லை. பிள்ளை தவழ ஆரம்பித்ததும், அக்கா கொழுந்துக்குப் போகும் நேரமெல்லாம், பாலத்துக்கு அந்தப் பக்கம் அந்த வீட்டில்தான் பாதி நாள் கிடந்தது. வெடிச் சத்தம் கேட்டால் பயந்து அழும் என்று அவருடைய சம்சாரம் சுட விடவில்லையாம்.

மழைக்கு முன்னால் நான் கிளம்பினேன். அக்கா பாலம் வரை வந்தாள். இந்தத் தடவை எத்தனை நாளைக்கு என்று கேட்கவில்லை. போகும்போது படலையைச் சாத்திவிட்டுப் போ, ஆடு நுழையும் என்றாள். சாத்தினேன்.